பேட்டரி காலியான பிறகு அந்த வண்டி எப்படி ஓடும்?

கேள்வி: அண்ணா, நாங்கள் கனடாவில் மார்க்கம் நகரில் இருக்கிறோம். வேலை டொரோண்டோ டவுன்டவுனில், ஒரு வழிக்கு 32 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை அக்கா வீட்டுக்கு ஒட்டாவா போவோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வண்டியில் பெரும்பாலும் ஐந்து பேர். வீட்டு பிளக்கில் சார்ஜ் செய்து மின்சாரத்திலும், அது தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட்டில் காம்பாக்ட் லக்ஸுரி எஸ்யூவி ஒன்று வாங்க நினைக்கிறோம். லெக்ஸஸ் என்எக்ஸ் 450எச் பிளஸ், வோல்வோ எக்ஸ்சி60 டி8, மெர்சிடிஸ் ஜிஎல்சி 350இ மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. வோல்வோவுக்கு 455 குதிரைத்திறன் என்கிறார்கள். இதெல்லாம் நிஜத்தில் எப்படி ஓடும்? பனிக்காலத்தில் எப்படி?

பதில்: அந்த 455-இல் இருந்தே தொடங்குகிறேன். அது பொய் இல்லை. முன் சக்கரங்களை ஓட்டும் 2 லிட்டர் டர்போ இன்ஜின் 312 குதிரைத்திறன் தருகிறது, பின் அச்சில் இருக்கும் மின் மோட்டார் 143. கூட்டினால் 455. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் வேகத்தை 4.5 விநாடியில் தொடும் என்று வோல்வோ சொல்கிறது. அழுத்திப் பார்த்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். 2,100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு குடும்ப வண்டி அப்படிப் பாய்வது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆனால் அந்த 143 பேட்டரியிலிருந்து வருவது. பேட்டரியில் சரக்கு இருக்கும்வரை வரும், தீர்ந்தால் குறையும். பிளக்-இன் ஹைப்ரிட் எதை எடுத்தாலும் உள்ளே இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று சார்ஜ் நிறைந்த வண்டி, இன்னொன்று சார்ஜ் தீர்ந்த வண்டி. கம்பெனி விளம்பரம் பேசுவதும், ஷோரூமில் உங்களுக்கு ஓட்டக் கொடுப்பதும் முதல் வண்டி. ஒட்டாவா சாலையில் நீங்கள் நான்கு மணி நேரம் ஓட்டப்போவது இரண்டாவது வண்டி. ஆகவே மூன்றையும் அந்த இரண்டாவது வண்டியை வைத்தே எடைபோடுவோம்.

திரையில் மின்சார தூரம் பூஜ்யம் என்று காட்டினாலும் பேட்டரி முழுதாக வற்றுவதில்லை. கொஞ்சம் இருப்பை மென்பொருள் எப்போதும் பிடித்து வைத்திருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் அதை நிரப்பும், நீங்கள் அழுத்தும்போது எடுத்துக் கொடுக்கும். அதனால் சிக்னலில் இருந்து கிளம்பும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கிங்ஸ்டன் பக்கம் 401 நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும் லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டும்போதும், நீளமான ஏற்றத்திலும்தான் தெரியும். அந்த நேரத்தில் உங்களுக்குக் கடைசிவரை துணை நிற்பது இன்ஜின் மட்டும். வோல்வோவுக்கு 312 இருப்பதால் கவலை இல்லை. ஜிஎல்சியின் இன்ஜின் சுமார் 200 குதிரைத்திறன், வண்டியின் எடையோ 2,300 கிலோவுக்கு மேல். என்எக்ஸின் 2.5 லிட்டர் இன்ஜின் 180-ஐ ஒட்டி, எடை சுமார் 2,000. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு இந்த இரண்டும் திணறாது, ஆனால் நிதானமாகத்தான் ஏறும். என்எக்ஸில் கியர் மாறுவது என்று ஒன்று கிடையாது. அழுத்தினால் இன்ஜின் ஒரே சுருதியில் உயர்ந்து அங்கேயே நின்று பாடும். சிலருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. வாங்குவதற்கு முன்னால் அம்மாவையும் பின்சீட்டில் உட்காரவைத்து ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இதே இனத்தில் பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எக்ஸ்டிரைவ்30இ செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும்போது பலர் ஆசைப்படுகிறார்கள். எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம். ஐரோப்பியக் கணக்கில் அதன் மொத்த சக்தி 252 குதிரைத்திறன். எக்ஸ்ட்ராபூஸ்ட் என்ற வசதியில் அது 292 ஆகும், அதிகபட்சம் 10 விநாடிக்கு. விளம்பரத்தில் 292-ஐப் பார்க்கிறவர் அந்தப் பத்து விநாடியைப் பார்ப்பதில்லை. பேட்டரி வெறும் 12 கிலோவாட் மணி, அதாவது 12 யூனிட் மின்சாரம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இபிஏ அதற்குக் கொடுத்த மின்சார தூரம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு. உங்கள் ஒருவழிப் பயணத்துக்கே போதாது.

சரி, மைலேஜ். சார்ஜ் தீர்ந்த பிறகான இபிஏ கணக்கை நமக்குப் பழகிய முறைக்கு மாற்றிச் சொல்கிறேன். என்எக்ஸ் ஒரு அமெரிக்க கேலனுக்கு 36 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 15 கிலோமீட்டர். எக்ஸ்சி60 28 மைல், லிட்டருக்கு 12. ஜிஎல்சி 25 மைல், லிட்டருக்குப் பத்தரை. சார்ஜ் நிறைந்திருக்கும்போது மின்சாரத்தில் மட்டும் போகும் தூரத்தில் வரிசை தலைகீழ்: ஜிஎல்சி 54 மைல், சுமார் 87 கிலோமீட்டர், மற்ற இரண்டும் 57, 58 கிலோமீட்டர் பக்கம். ஜிஎல்சியின் பேட்டரி 31.2 கிலோவாட் மணி, என்எக்ஸில் 18.1, எக்ஸ்சி60-இல் 18.8. மெர்சிடிஸ் வாங்கினால் கூடுதல் பேட்டரிக்குப் பணம் கொடுக்கிறீர்கள், அதைத் தூக்கிச் சுமக்கவும் செய்கிறீர்கள்.

உங்கள் ஒட்டாவா பயணத்தையே கணக்குப் போடுவோம். 450 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்எக்ஸ் முதல் 55 கிலோமீட்டரை மின்சாரத்தில் முடித்தால் மீதி 395 கிலோமீட்டருக்கு 26 லிட்டர். எக்ஸ்சி60 அதே தூரத்துக்கு 33 லிட்டர். ஜிஎல்சி 87 கிலோமீட்டர் மின்சாரத்தில் போய்விட்டாலும் மீதி 363 கிலோமீட்டருக்கு 34 லிட்டர். அவ்வளவு பெரிய பேட்டரி வைத்திருந்தும் வோல்வோவோடு சமமாகத்தான் வந்து நிற்கிறது. தவிர, எக்ஸ்சி60-க்கும் ஜிஎல்சிக்கும் பிரீமியம் பெட்ரோல் வேண்டும். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை ஜிஎல்சியின் பக்கம் காற்று அடிக்கிறது. போக வர 64 கிலோமீட்டர், கோடையில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் வீடு திரும்பலாம். மற்ற இரண்டிலும் திரும்பி வரும்போது 404-இல் கடைசி சில கிலோமீட்டர் இன்ஜினில் ஓடும். அது ஒரு விஷயமே இல்லை.

ஒட்டாவா போகும்போது ஒன்று செய்யுங்கள். மார்க்கத்திலிருந்து 401 ஏறியதும் ஹைப்ரிட் முறைக்கு மாற்றி, பேட்டரியைச் சேமித்து வையுங்கள். மணிக்கு 110-இல் மின்சாரம் மளமளவென்று கரையும். அதே மின்சாரம் ஒட்டாவா நகருக்குள் சிக்னல்களுக்கு நடுவில் இரண்டு நாள் வரும். ஓடும்போதே இன்ஜினை வைத்து பேட்டரியை நிரப்பும் பட்டனும் இருக்கும். அதைத் தொட வேண்டாம். பெட்ரோலை மின்சாரமாக்கி, அதை மறுபடி ஓட்டமாக்கும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்திவிடும்.

பனிக்காலம்தான் நீங்கள் கேட்டதில் முக்கியம். மூன்றும் நான்கு சக்கர ஓட்டம் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இல்லை.

ஜிஎல்சியில் மின் மோட்டார் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்ஜினின் சக்தியோ மோட்டாரின் சக்தியோ, எதுவானாலும் முன்னையும் பின்னையும் இணைக்கும் ஒரே தண்டு (டிரைவ் ஷாஃப்ட்) வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகும். மின்சாரத்தில் போகும்போதும் நான்கும் இழுக்கும். மேலே சொன்ன எக்ஸ்3-உம் இதே அமைப்பு. என்எக்ஸில் முன்பக்கம் ஒரு பெரிய மோட்டாரும் இன்ஜினும், பின்பக்கம் 40 கிலோவாட் மோட்டார் ஒன்று. முன்னும் பின்னும் இணைக்கும் தண்டு கிடையாது, ஆனால் பின் மோட்டார் தேவைப்பட்ட கணத்தில் சேர்ந்துகொள்ளும், மின்சார ஓட்டத்திலும். வோல்வோவிலும் தண்டு இல்லை, அந்த இடத்தில் பேட்டரி படுத்திருக்கிறது. இன்ஜின் முன் சக்கரங்களை மட்டும் ஓட்டும், மோட்டார் பின் சக்கரங்களை மட்டும். ஆக, பியூர் என்ற முழு மின்சார முறையில் போட்டால் அது பின் சக்கர ஓட்ட வண்டி. ஜனவரியில், இன்னும் உப்புப் போடாத ஒரு தெருவில், இடதுபக்கம் திரும்பும்போது பின்பக்கம் லேசாக விலகுவதை உணர்வீர்கள். வழுக்கலைத் தடுக்கும் கண்ட்ரோல் உடனே பிடித்துவிடும், ஆனால் காரணம் தெரியாதவர் பயந்துபோவார். பனி நாளில் நான்கு சக்கர முறையைத் தேர்ந்தெடுத்தால் இன்ஜினும் சேர்ந்து ஓடி முன்னால் இழுக்கும். அன்றைக்குப் பெட்ரோல் கணக்குப் பார்க்கக் கூடாது. எந்த வண்டியானாலும் நல்ல பனிக்கால டயர் நான்கும் போடுங்கள். இத்தனை எடையை நிறுத்துவது டயர்தான், நான்கு சக்கர ஓட்டம் இல்லை.

அடுத்து ஹீட்டர். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் வீணாக்கும் சூடு இலவசமாக உள்ளே வருகிறது. மின்சாரத்தில் போகும்போது அந்தச் சூட்டையும் பேட்டரியே கொடுக்க வேண்டும். குளிரில் பேட்டரியும் சோம்பும், காற்றும் அடர்த்தியாகும், எல்லாம் சேர்ந்து 30, 40 சதவீத தூரம் போய்விடுவது சாதாரணம். 58 என்பதை 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். என்எக்ஸில் ஹீட் பம்ப் இருக்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச சூட்டையும் இழுத்து உள்ளே அனுப்பும், அதனால் மின்சாரம் குறைவாகச் செலவாகும். ஆனால் மைனஸ் 10-க்குக் கீழே அதற்கும் முடியாது, ஹீட்டருக்காக இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். நான் மூன்று குளிர்காலம் இந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். முதல் ஜனவரியில் ஒருநாள் காலை ஏழு மணி, மைனஸ் 14. பேட்டரி நிறைந்திருக்கிறது, கேரேஜை விட்டுத் தெருவுக்குக்கூட வரவில்லை, இன்ஜின் உறுமத் தொடங்கியது. ஏதோ கோளாறு என்று பதறி ஓரமாக நிறுத்திக் கையேட்டைப் புரட்டினேன். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பு, வயர் மாட்டியிருக்கும்போதே, செயலியில் உள்ளே சூடேற்றிவிடுவேன். அந்தச் சூட்டுக்கான மின்சாரம் வீட்டு லைனில் இருந்து போகிறது. சீட்டையும் ஸ்டியரிங்கையும் சூடாக வைத்துக்கொண்டு காற்றின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் சில கிலோமீட்டர் மிஞ்சும். பிள்ளைகளும் அம்மாவும் பின்னால் இருந்தால் அப்படிக் குறைக்காதீர்கள், பெட்ரோல் போனால் போகட்டும்.

குளிர்காலத்தில் என்எக்ஸில் உங்கள் தினசரிப் பயணம் இப்படி முடியும்: 38 கிலோமீட்டர் மின்சாரம், 26 கிலோமீட்டர் ஹைப்ரிட், ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் பக்கம் பெட்ரோல். ஜிஎல்சி என்றால் ஏறக்குறைய முழுதும் மின்சாரத்திலேயே ஒப்பேற்றிவிடலாம்.

இவ்வளவும் தினமும் இரவு வயரை மாட்டுகிறவருக்கு. மாட்டாதவர்களின் கதையை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. வண்டிகளுக்குள் இருக்கும் கருவிகளே பதிந்து வைத்த எரிபொருள் கணக்கைச் சேகரித்துப் பார்த்ததில், 2021-இல் பதிவான பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளியிடும் கார்பன், சோதனைச்சாலை எண்ணைப் போல சராசரியாக 3.5 மடங்கு. தொழில்நுட்பம் மோசம் என்பதல்ல காரணம். கம்பெனி கொடுத்த வண்டி, பெட்ரோல் செலவும் கம்பெனியுடையது, யார் குனிந்து வயர் மாட்டுவது என்று விட்டுவிட்டார்கள். சோதனைக் கணக்கும் மக்கள் நிறைய சார்ஜ் செய்வார்கள் என்று நம்பிப் போடப்பட்டது. அதை 2025-இலும் 2027-இலும் இறுக்கும்படி விதியை மாற்றியிருக்கிறார்கள். லீஸ் முடிந்து வந்த ஒரு வண்டியை நண்பருக்காகப் பார்க்கப் போனபோது டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினேன். சார்ஜிங் வயர் கம்பெனி பிளாஸ்டிக் உறையோடு, கட்டின கட்டு அவிழாமல் இருந்தது. மூன்று வருடம், ஒரு முறைகூட மாட்டவில்லை. அந்த மனிதர் 2,000 கிலோ வண்டியில் உபயோகிக்காத பேட்டரியைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறார் என்று நினைக்க எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

உங்கள் வீட்டில் கேரேஜில் சாதாரண 120 வோல்ட் பிளக் இருந்தாலே என்எக்ஸுக்கும் எக்ஸ்சி60-க்கும் போதும். சுமார் 12 மணி நேரம் ஆகும், இரவு ஏழுக்கு மாட்டினால் காலை ஏழுக்கு நிறைந்துவிடும். ஜிஎல்சிக்கு அதே பிளக்கில் 20 மணி நேரம் பக்கம் ஆகும், ஆகவே 240 வோல்ட் சார்ஜர் போடுகிற செலவையும் வண்டி விலையோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்டாரியோவில் 2023-இல் தொடங்கிய நள்ளிரவு மின் கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு. தொடங்கியபோது கிலோவாட் மணிக்கு 2.4 சென்ட். அந்த விலையில் என்எக்ஸுக்கோ எக்ஸ்சி60-க்கோ ஒரு முழு சார்ஜின் மின்சாரம் அரை டாலர்கூட ஆகாது, விநியோகக் கட்டணம் தனி. ஆனால் அதே திட்டத்தில் வார நாள் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் எகிறும், அது நம் வீடுகளில் அடுப்பு எரிகிற நேரம். இன்னொன்று, எட்டு மணி நேரத்தில் 120 வோல்ட் பிளக் பதினொன்றரை கிலோவாட் மணிதான் கொடுக்கும். அந்தத் திட்டத்தை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்றால் எந்த வண்டிக்கும் 240 வோல்ட் நல்லது.

ஐந்து பேர் என்றீர்கள், இதை யாரும் ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். வோல்வோவின் பேட்டரி நடுத் தண்டின் இடத்தில் இருப்பதால் பின்சீட்டு நடுவில் தரை மேடாக எழும்பியிருக்கும். நடுவில் உட்காருகிறவர் கால்களை இரண்டு பக்கமும் விரித்து வைக்க வேண்டும். ஒட்டாவா வரை அம்மா நடுவில் உட்கார முடியாது, சின்னவர்தான் உட்கார வேண்டும். ஜிஎல்சியில் டிக்கி இடம் போகிறது: பெட்ரோல் ஜிஎல்சிக்கு 620 லிட்டர், பிளக்-இன்னுக்கு 470. பியர்சன் விமான நிலையத்தில் ஊரிலிருந்து வருகிறவரின் இரண்டு பெரிய பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். என்எக்ஸில் பேட்டரி தரைக்கடியில் இருக்கிறது, அந்த வகையில் தொல்லை குறைவு, ஆனால் பின்சீட்டில் மூன்று பேருக்குத் தோள் அகலம் இறுக்கம்தான்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க்குகள் வேலை இல்லாமல் உப்பில் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாதபோது, நன்றாக அழுத்திப் பிரேக் பிடியுங்கள். பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கக்கூடும் என்பதால் ஆவி வெளியேறாமல் அழுத்தத்தில் மூடி வைத்திருப்பார்கள். பங்கில் மூடியின் பட்டனை அழுத்தியதும் சில விநாடி காத்திருந்தால்தான் திறக்கும். உடைந்துவிட்டது என்று நினைத்து நெம்பிவிடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வோல்வோ பார்ப்பதாக இருந்தால், 2025-இல் வந்த மென்பொருள் ரீகால் செய்யப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பிளக்-இன்களில் பி முறையில் (ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் முறை), பெடலைத் தொடாமல் நீண்ட இறக்கத்தில் இறங்கினால் பிரேக் தற்காலிகமாகப் போகக்கூடும் என்பதற்காக வந்தது அது. சரிசெய்ய மென்பொருள் புதுப்பிப்பு போதும், ஆனால் செய்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு என்எக்ஸ். மாதம் ஒருமுறை ஒட்டாவா என்பது போக வர 900 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி சார்ஜ் தீர்ந்த வண்டியில். அந்த நிலையிலும் லிட்டருக்கு 15 தருவது மூன்றில் அது ஒன்றுதான். ஒட்டாவா பயணம் வருடத்துக்கு இரண்டு முறை என்று குறைந்தால் ஜிஎல்சியைச் சொல்லியிருப்பேன். ஓட்டுவதில்தான் மகிழ்ச்சி என்றால் வோல்வோ, அதை நான் தடுக்க மாட்டேன். வீட்டில் பிளக் போட வழியே இல்லை என்றால் மூன்றும் வேண்டாம். வயர் இல்லாத என்எக்ஸ் 350எச் எடுத்து மீதிப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு போன் செய்யும்போதே பேட்டரியை முழுதும் ஓட்டித் தீர்த்துவிட்டு வண்டியைத் தரச் சொல்லுங்கள். தயங்குவார்கள், பரவாயில்லை, கேளுங்கள். ஐந்து பேரும் ஏறுங்கள். டான் வேலி பார்க்வேயின் குட்டையான நுழைவுப் பாதை ஒன்றில் இறங்கி, ஓடும் வண்டிகளோடு கலந்து பாருங்கள். வோல்வோவில் மீட்டரில் ஒரு மின்னல் குறியும் ஒரு பெட்ரோல் சொட்டுக் குறியும் இருக்கும். எவ்வளவு அழுத்தினால் இன்ஜின் வரும் என்பதை அது காட்டும். கண்ணை அதில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம் அதே வழியில், சார்ஜ் நிறைந்த வண்டியில் இன்னொரு முறை.